பிணையல் ஆடும் சாரைகள்: ஊவாத் தோட்டங்களில் ஒரு நம்பிக்கையின் வரலாறு

இரண்டு சாரைப்பாம்புகள் கழுத்தோடு கழுத்து முறுக்கி, உடலின் முன்பகுதியைத் தரையைவிட்டு உயர்த்தி, சாய்ந்தும் விழுந்தும் மறுபடி எழுந்தும் ஆடுவதைத் தமிழர் ‘பிணையல்’ என்பர். இலங்கையின் ஊவா மாகாணத்தில், எல்ல, தெமோதரை, பசறை, நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் இது அரிய காட்சியல்ல. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெளியான மலையிலும், வடிகாலான கான் ஓரத்திலும், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறித் தோட்டத்திலும் பட்டப்பகலில் நடக்கும். சில நிமிடங்களில் முடிவதும் உண்டு. ஒரு மணி நேரம் நீள்வதும் உண்டு. ஆடும் பாம்புகள் சுற்றி நிற்கும் ஆட்களைப் பொருட்படுத்துவதில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கூட்டமே நின்று பார்க்கலாம். அப்படிப் பார்த்த தலைமுறைகள் எல்லாம் அதை ஆணும் பெண்ணும் கூடுவதாகவே எடுத்துக்கொண்டன. உண்மையில் ஆடுபவை இரண்டும் ஆண்கள். பெண் அருகே எங்கோ புதருக்குள் கிடக்கும். சில வேளை அது போன வழியின் வாசனை மட்டுமே அங்கு இருக்கும்.

இந்த நம்பிக்கை ஊவாவில் முளைத்தது அல்ல. கடல் கடந்து வந்தது. பதுளை மலைகளில் 1840களில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியபோது, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் ஆட்கள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப் பாதையில் நாட்கணக்காக நடந்து மலையேறிய அவர்களுடன் மாரியம்மனும் முனியாண்டியும் மதுரைவீரனும் வந்தார்கள். பாம்புகளைப் பற்றிய அறிவும் அச்சமும் சேர்ந்தே வந்தன. புதிய மண்ணில் புதிய சாமிகளும் பிறந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனியும், கவ்வாத்துக் கத்தி காலில் படாமல் காக்கும் கவ்வாத்துச் சாமியும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் அறியாதவர்கள். ஆனால் பாம்பு விஷயத்தில் ஊர்க்கதை அப்படியே தொடர்ந்தது. காரணம் எளிது: அங்கே வரப்பில் ஆடிய அதே சாரைதான் இங்கே கானோரம் ஆடியது.

ஊர்க்கதை சொன்னது இது. சாரை ஆண், நல்லபாம்பு பெண். (சில ஊர்களில் மாற்றிச் சொல்வார்கள்.) இரண்டும் பிணையும்போது புதுத் துணியை அவற்றின் மேல் போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் வீட்டில் செல்வம் தங்கும்; வழக்கு வெல்லும். பிணையும் பாம்பைக் கலைத்தால் அது மறவாமல் பழிவாங்கும். ஒன்றை அடித்துக் கொன்றால் துணை தேடி வரும்.

இந்தக் கதைக்குக் கல்லிலும் உருவம் உண்டு. தமிழ்நாட்டில் அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் மேடைகளில் நாகக்கல் இருக்கும். இரண்டு பாம்புகள் நெடுக முறுக்கி எதிரெதிரே முகம் பார்த்து நிற்க, நடுவில் சிறு இலிங்கம் செதுக்கப்பட்டிருப்பது அதன் பொது வடிவம். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அதைச் சுற்றி வந்து மஞ்சள் பூசி, பால் ஊற்றுவார்கள். டச்சு அறிஞர் வோகல் 1926இல் இந்திய நாக வழிபாடு பற்றி எழுதிய பெருநூல், இந்தக் கற்கள் தென்னிந்தியாவில் எவ்வளவு பரவலானவை என்பதைக் காட்டுகிறது. முறுக்கிய பாம்புகளில் கருவளத்தைக் கண்டவர்கள் தமிழர் மட்டுமல்லர். மெசப்பொத்தேமிய மன்னன் குடேயா சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் தன் தெய்வத்துக்குப் படைத்த கற்குவளையில் இதே வடிவம் இருக்கிறது. கிரேக்கக் கதையில் தீரேசியாஸ் என்பவன் பிணைந்த பாம்புகளைக் கோலால் அடித்ததால் பெண்ணாக மாறினான். ஆண்களின் சண்டையை இணைசேர்தலாக எடுத்துக்கொண்டவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள்.

இலங்கையின் சிங்கள ஊர்களிலும் நாகம் மதிப்புக்குரியதே. பழைய குளங்களின் அருகே பல தலை நாகம் செதுக்கிய கற்கள் நிற்கின்றன. வீட்டுக்குள் வந்த நாகத்தைக் கொல்லாமல் அப்புறப்படுத்தும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு. சாரைக்கு, சிங்களத்தில் கெரண்டியாவுக்கு, அந்த மரியாதை கிடையாது. தோட்டத் தமிழரிடமும் நாகம் ‘நல்ல’ பாம்பு. சாரை வெறும் சாரை.

சாரையையும் நாகத்தையும் கணவன் மனைவியாக்கியது வெறும் கற்பனை அல்ல. கண் செய்த தவறு அதில் உண்டு. சாரை ஆறடிக்கு மேலும் வளரும். நிறம் ஒன்றுக்கொன்று வேறுபடும்; ஒன்று வெளிறிய மஞ்சள் கலந்த பழுப்பு, மற்றொன்று கரும்பழுப்பு என்றிருக்கும். மிரண்டால் தலையை உயர்த்தும், கழுத்தைப் புடைக்கும், உறுமும். இரண்டு வேறு நிறச் சாரைகள் தலை தூக்கி முறுக்கி நிற்கும்போது, தூரத்திலிருந்து பார்ப்பவர் ஒன்றைச் சாரை என்றும் மற்றதை நாகம் என்றும் முடிவு செய்வதில் வியப்பில்லை. ஆனால் உயிரியல் வேறு கதை சொல்கிறது. சாரை கொலுப்ரிடே என்ற நஞ்சற்ற பாம்புகள் மிகுந்த குடும்பத்தைச் சேர்ந்தது. நாகம் எலாப்பிடே என்ற கொடுநஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் கூடி முட்டையிட வழியே இல்லை. நாகம் மற்றப் பாம்புகளை விழுங்குவதும் உண்டு. சாரையும் அதற்கு இரையாகலாம்.

தோட்டங்கள் வந்தது சாரைக்கு நல்லகாலம். காப்பிக்காக மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. காட்டின் நிழலில் வாழ்ந்த உயிர்கள் பின்வாங்க, வெளியை விரும்பும் உயிர்கள் மேலேறின. 1869இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் முதன்முதலாகக் காப்பி இலைகளில் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பி அழிந்து, அதே மலைகளில் தேயிலை ஏறியது. தேயிலை ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் பயிர். ஆகவே காப்பிக் காலத்தில் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் இப்போது லயங்களில் நிரந்தரமாகத் தங்கினர். தோட்டம் அரிசியை மொத்தமாக இறக்கி ஆட்களுக்கு அளந்து கொடுத்தது. அரிசி இருந்த இடத்தில் எலி. எலி இருந்த இடத்தில் சாரை. தண்ணீர் வடிய வெட்டிய கான்கள் அதற்கு வீதிகளாயின. பண்டாரவளைக்கு 1894இலும், எல்ல வழியாகப் பதுளைக்கு 1924இலும் ரயில் வந்து சேர்ந்தபோது, அந்த மலைகளில் காடு துண்டு துண்டாகவே மிஞ்சியிருந்தது. மனிதனும் சாரையும் இவ்வளவு நெருங்கி வாழ்ந்ததால்தான் பிணையல் இத்தனை பேர் கண்ணில் பட்டது. அடர்காட்டுப் பாம்பின் ஆட்டத்தை யாரும் கண்டிருக்கப் போவதில்லை.

இதே காலத்தில் இலங்கையின் ஊர்வனவற்றைப் பட்டியலிட்டவர்களும் இருந்தார்கள். கொழும்பில் பிறந்த இராணுவ மருத்துவர் எட்வர்ட் கெலார்ட் 1852இல் இலங்கை விலங்குகள் பற்றிய நூலை வெளியிட்டார். குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் தீவின் இயற்கை வரலாறு பற்றி எழுதினார். பாம்புகளுக்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவர் ஃபிராங்க் வோல். காப்பி வணிகரும் பன்னங்களை ஆராய்ந்தவருமான ஜோர்ஜ் வோலின் மகனாக 1868இல் நுவரெலியாவில் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, போன இடமெல்லாம் பாம்பு சேகரித்தவர். இலங்கைப் பாம்புகள் பற்றிய அவரது பெருநூல் 1921இல் கொழும்பில் வெளியானது. செதில் வரிசை, நீளம், முட்டை எண்ணிக்கை, வயிற்றில் கிடந்த இரை என்று அவர் எழுதியவை இன்றும் பயன்படுகின்றன. தேசிய அருங்காட்சியகங்களின் இயக்குநராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல 1953இல் ஊர்வன பற்றிய வண்ணப் படத்தொகுதியைத் தந்தார். இவர்கள் காலத்து அறிவியல் பெரும்பாலும் சாராயப் போத்தலில் கிடந்த உடலைப் பார்த்து எழுதப்பட்டது. உயிரோடு ஆடிய பாம்பை அதிகம் பார்த்தவர்கள் மலையில் வேலை செய்தவர்கள். அவர்களிடம் யாரும் கேட்டு எழுதவில்லை, அவர்களுக்கும் பாம்பின் பாலைச் சோதிக்கும் தேவை வரவில்லை.

அந்தத் தேவைதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஆண் பாம்பின் இனவுறுப்பு இரட்டையானது. வாலின் அடியில் உள்ளே மடிந்து கிடக்கும். வெளியே பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. ஆட்டத்தின் நடுவில் இரண்டையும் பிடித்து வாலடியைச் சோதித்தால்தான் தெரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூட அதுவரை இந்த ஆட்டம் காதலாட்டம் என்றே நூல்களில் இடம்பெற்றது. 1936இல் சிக்காகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டுவைட் டேவிஸ், பாம்புகளின் இணைவிழைச்சு பற்றிய குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1948இல் சான் டியாகோ விலங்குக் காட்சிச்சாலையின் சார்ல்ஸ் ஷா, கிலுகிலுப்பை விரியன் இனங்களின் ஆட்டத்தை ஆண்களின் போர் என்றே தலைப்பிட்டு எழுதினார். பிறகு பிடித்துச் சோதித்த இடத்திலெல்லாம் ஆடுபவை ஆண்களாகவே இருந்தன. சாரையும் நாகமும் கண்ணாடி விரியனும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

போரின் விதி ஒன்றே: எதிராளியின் தலையைத் தரையில் அழுத்த வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொன்றும் மற்றதைவிட உயரே எழ முயல்கிறது. மேலே சென்றது தன் கழுத்தை வளைத்துக் கீழே தள்ளுகிறது. தள்ளப்பட்டது நழுவி மீண்டும் எழுகிறது. வால்களும் பின்னிக்கொள்வதால் இரண்டும் சேர்ந்து உருண்டு போவதும் உண்டு. கடி அநேகமாக இல்லை. நஞ்சுள்ள இனங்களும் இந்தப் போரில் பல்லைப் பயன்படுத்துவது அரிது. களைத்துத் தோற்றது பிரிந்து வேகமாக ஓடும். வென்றது சிறிது தூரம் துரத்தும். எடையும் நீளமும் கூடியதே பெரும்பாலும் வெல்லும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரிக் ஷைன் 1978இல் இதிலிருந்து ஒரு பெரிய உண்மையை எடுத்துக் காட்டினார். பாம்புகளில் பொதுவாகப் பெண்ணே பெரியது, ஏனெனில் பெரிய உடலில் அதிக முட்டை கொள்ளும். ஆனால் ஆண்கள் மற்போர் செய்யும் இனங்களில் ஆண் பெண்ணுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கும். சாரையில் ஆணே பெரிது. எல்ல மலையில் கண்ட ஆறடிச் சாரையின் உடலே, தலைமுறை தலைமுறையாக நடந்த பிணையல்களின் விளைவு.

உண்மையான கூடலுக்கு இந்தப் பகட்டு எதுவும் இல்லை. ஆண், பெண் விட்டுச் சென்ற வாசனையை நாக்கால் எடுத்து, மேலண்ணத்தில் உள்ள நுகர்வுறுப்பில் சோதித்து, தடம் பிடித்து வரும். பெண்ணின் முதுகின் மேல் படிந்து, மோவாயால் உரசி முன்னேறி, வாலை வாலோடு சுற்றும். இரண்டும் தரையோடு தரையாகக் கிடக்கும். பெண் நகர்ந்தால் ஆண் இழுபட்டுப் போகும். வழியில் போகிறவர் கண்ணில் பட்டாலும் நின்று பார்க்கத் தூண்டும் காட்சி அல்ல. ஊர் முழுவதும் கூடிப் பார்த்தது சண்டையை; தாம்பத்தியம் யாரும் பாராமலே நடந்தது.

சண்டை முடிந்தும் ஆணின் கவலை முடிவதில்லை. பெண் பாம்பு பல ஆண்களுடன் கூடக்கூடியது. விந்தைப் பல காலம் உடலுக்குள் சேமித்து வைக்கவும் வல்லது. கூடிவிட்டதால் மட்டும் குட்டிகள் தன்னுடையவை என்று ஆண் உறுதிகொள்ள முடியாது. இதற்கு ஆண்கள் கண்ட வழிகளையே விலங்கியலாளர் இணைக் காவல் என்ற பெயரில் ஆராய்கிறார்கள். கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் ஆயிரக்கணக்கில் திரளும் கார்ட்டர் பாம்புகளில், கூடிய பின் ஆணின் சுரப்பு பெண்ணின் துவாரத்தில் இறுகி அடைப்பாகிறது. மற்ற ஆண்கள் அந்தப் பெண்ணை விட்டுவிடுகின்றன. கார்ட்டர் பாம்புகளின் இத்தகைய அடைப்பை மைக்கேல் டிவைன் 1975இல் வெளிப்படுத்தினார். சுவீடனின் ‘ஆடர்’ எனப்படும் விரியன்களில் ஆண் கூடிய பின்னும் பெண்ணை விட்டு அகலாமல் மற்ற ஆண்களைத் துரத்துகிறது. அதே பாம்புகளில் தோமஸ் மாட்சனும் சகாக்களும் 1992இல் கண்டது இன்னும் சுவையானது: பல ஆண்களுடன் கூடிய பெண்ணுக்குச் செத்துப் பிறக்கும் குட்டிகள் குறைவு. காவல் ஆணின் நலன். காவலை மீறுவது பெண்ணின் நலன். நாகக்கல்லின் கற்புக் கதைக்கு இது பொருந்தாது.

துணை பழிவாங்கும் என்ற கதைக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. இனப்பெருக்க காலத்தில் ஒரு பெண் பாம்பை அடித்துக் கொன்ற இடத்தில் அதன் வாசனை மண்ணிலும் கம்பிலும் ஒட்டியிருக்கும். அந்தத் தடத்தைப் பிடித்து அடுத்த நாளோ மறுநாளோ ஓர் ஆண் வந்து சேரலாம். வந்தது கணவனல்ல, பெண் தேடி வந்த ஏதோ ஓர் ஆண். கொன்றவனுக்கோ அது பழி. 1979இல் கமல்ஹாசன் நடிப்பில் வெளிவந்த ‘நீயா?’, ‘நாகின்’ என்ற இந்திப் படத்தின் தழுவல். துணையை இழந்த பெண் பாம்பு ஒவ்வொருவராகத் தேடிக் கொல்லும் கதை. தடம் பிடித்து வருவது ஆண் பாம்பின் வேலை என்பதால், படம் பாலையும் மாற்றிவிட்டது. பாம்புக்கு முகம் நினைவில் வைக்கும் மூளை இல்லை என்பதைத் திரை எப்போதும் கண்டுகொண்டதில்லை.

பாம்பின் ஆட்டத்தைப் போலவே, மற்ற ஊர்வனவற்றின் இணைவாழ்வில் எழும் குறிகளையும் தமிழர் தங்களுக்கான செய்தியாக வாசித்தார்கள். லயத்து அறையான காம்பிராவின் தகரக் கூரைக்கடியில் பல்லி ஒலித்தால் பேச்சு நிற்கும். எந்தத் திசையில், எந்தக் கிழமையில் ஒலித்தது என்று பார்த்துப் பலன் சொல்லும் கௌளி சாஸ்திரம் பஞ்சாங்கங்களில் அச்சாகி மலைக்கும் வந்தது. வீட்டுப் பல்லியின் தொடர் ஒலி பெரும்பாலும் ஆணுடையது. இது என் இடம் என்று மற்ற ஆணை எச்சரிக்கவும் பெண்ணை ஈர்க்கவும் அது பயன்படுகிறது. டேல் மார்செலினி 1974இல் வெளியிட்ட ஆய்வு இதை ஒலிப்பதிவோடு நிறுவியது.

ஆனால் இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. குறுந்தொகையின் 16ஆம் பாடலில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, கள்ளிக் காட்டில் பல்லி ஒலிப்பதைத் தன் துணையை அழைக்கும் ஒலியாகவே சொல்கிறார். அதைக் கேட்டாவது பொருள் தேடிப் போன தலைவன் தன்னை நினைப்பானா என்பதே பாடலின் ஏக்கம். அதே சங்கப் பாடல்களில் பல்லியை நிமித்தமாகக் கொள்வதும் நிறைய உண்டு. நற்றிணையில் தினைப்புனம் புக வந்த காட்டுப்பன்றியே பல்லியின் குரல் கேட்டுப் பின்வாங்குகிறது. ஆக, பல்லி தன் துணைக்குப் பேசுகிறது என்ற கவனிப்பும், நமக்குப் பேசுகிறது என்ற நம்பிக்கையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே ஒரே சமூகத்தில் அருகருகே இருந்தன. பஞ்சாங்கம் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. மார்செலினி வரும்வரை முதலாவது கவிதையிலேயே தங்கிவிட்டது.

ஓணானின் கதையும் இப்படியே. குறுந்தொகை 140இல் அள்ளூர் நன்முல்லையார், கருக்கரிவாளைப் போன்ற முதுகுடைய கிழட்டு ஆண் ஓந்தியைப் பாலை வழியில் போவோர் நிமித்தம் பார்க்கும் உயிராகக் காட்டுகிறார். அவர் அதை ஆண் என்றே குறித்தது சரியான கவனிப்பு. உயரமான இடத்தில் ஏறி உட்கார்ந்து தலையாட்டுவது ஆண் ஓணானே. இனப்பெருக்க காலத்தில் அதன் தலையும் தோளும் சிவந்து, தொண்டை கறுக்கும். இந்தச் சிவப்பைக் கண்டே ஆங்கிலேயர் அதற்கு இரத்தம் உறிஞ்சி என்று பெயர் வைத்தார்கள். அது யாருடைய இரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை. தோட்டப் பிள்ளைகள் ஈர்க்கில் சுருக்குப் போட்டு அதைப் பிடித்தார்கள், கல்லாலும் அடித்தார்கள். இராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்ற கதை அந்தக் கல்லடிக்கு நியாயம் சொன்னது. கல் பட்டவை பெரும்பாலும் ஆண்களாகவே இருந்திருக்கும். வேலிக்கம்பின் உச்சியில் சிவந்த தலையோடு நின்று போட்டி ஆணுக்குச் சவால் விடுபவை அவைதாம்; மண் நிறத்துப் பெண் கீழே புல்லுக்குள் இருக்கும், மழை விட்ட ஈர மண்ணில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும்.

ஓணானின் இணைக் காவல் பாம்பினுடையதைப் போன்றதல்ல. அது பெண்ணைப் பின்தொடர்ந்து காப்பதில்லை; இடத்தைக் காக்கிறது. தன் எல்லைக்குள் மற்ற ஆண் நுழையாமல் பார்த்துக்கொண்டால், அங்கு மேயும் பெண்கள் தானாகவே காவலுக்குள் வந்துவிடுகின்றன. தலையாட்டலும், முன்காலை ஊன்றி உடலை ஏற்றி இறக்குவதும் எல்லைப் பேச்சு. அது பலிக்காதபோதுதான் வாயைக் கவ்விச் சண்டை. இந்த எளிய ஓணானின் இனப்பெருக்கத்தைத் தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர்கள் பல பத்தாண்டுகள் விடாமல் ஆராய்ந்திருக்கிறார்கள். பெண் ஓணானும் விந்தைச் சேமித்து வைக்கும் என்பது அங்கு தெரியவந்தவற்றுள் ஒன்று.

மேலே, ஹோட்டன் சமவெளியிலும் ஹக்கலவிலும் மிஞ்சிய மேகக் காடுகளில், ஊவாவின் ஆட்கள் அதிகம் கண்டிராத ஓணான்கள் இருக்கின்றன. மூக்கின் நுனியில் கொம்பு முளைத்த கொம்போணானை ஜோன் கிரே 1834இல் விவரித்தார். உலகில் இலங்கையில் மட்டுமே உள்ள பேரினம் இது. ஆணின் கொம்பு பெண்ணினுடையதைவிட நீண்டது; ஆண் பெண் வேறுபாடு இப்படி எழுந்து நிற்கும் இடத்தில் இணைக்கான போட்டி இருப்பதை எதிர்பார்க்கலாம். அதே காடுகளில் முட்டையிடாமல் குட்டி போடும் குள்ள ஓணானும் உண்டு. காப்பிக்கும் தேயிலைக்கும் விழுந்த காடு இவற்றின் காடு. சாரைக்கும் வேலி ஓணானுக்கும் வழி திறந்த அதே கோடரி இவற்றை மலை உச்சிகளில் தீவுகளாக ஒதுக்கியது. இவற்றைப் பற்றித் தோட்டங்களில் நிமித்தமும் இல்லை, கதையும் இல்லை. கண்ணில் படாத உயிருக்குக் கதை பிறப்பதில்லை.

நாகக்கல் காட்டும் பிரியாத இணை ஊர்வனவற்றில் எங்குமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தென் ஆஸ்திரேலியாவில் கட்டைவால் அரணையை 1982 முதல் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார் மைக்கேல் புல். வசந்தத்தில் ஆணும் பெண்ணும் கூடலுக்கு முன்பே பல வாரங்கள் சேர்ந்து திரிகின்றன. பெண் முன்னே சென்று மேய, ஆண் பின்னால் குறைவாகத் தின்று விழிப்பாக இருக்கிறது. கூடி முடிந்ததும் பிரிந்து, அடுத்த ஆண்டு அதே துணையைத் தேடிச் சேர்கின்றன. சில இணைகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தன. கதைக்கேற்ற இணை கடைசியில் கிடைத்தது பாம்பில் அல்ல, ஓர் அரணையில்.

ஊவாவில் இன்று நிலைமை பாதி மாறியிருக்கிறது. இலங்கையின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. எல்லயை ஒட்டிய இராவணா எல்ல பகுதி 1979இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னைப் பாம்புப் பண்ணையும், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் பாம்பு பற்றிய பொய்களைக் கலைக்க நிறையச் செய்தன. ஆனாலும் எல்லத் தேயிலைக்குள் பிணையல் ஆடினால் இப்போதும் கூட்டம் கூடுகிறது. துணி போடுபவர் அரிது. கைப்பேசியில் படம் பிடிப்பவரே அதிகம். படத்தின் கீழே எழுதப்படுவது மட்டும் பழைய வாசகம்தான்: பாம்புகள் இணைசேர்கின்றன.

அந்த வாசகத்தால் பெரிய தீங்கில்லை. நாகத்தின் கணவன் என்ற பெயரால்தான் சாரைக்குத் தீங்கு. நாகத்தைக் கும்பிட்டு விட்டுவிடும் ஊர், நஞ்சே இல்லாத சாரையை நஞ்சுள்ளதென அஞ்சிக் கம்பால் அடிக்கிறது. கானில் எலி பெருகுகிறது. தோட்டத்தில் ஆட்களை அதிகம் கடிப்பது இந்த இரண்டுமல்ல. சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும், பெரும்பாலும் ஒன்றரை அடியைத் தாண்டாத, மூக்கு நுனி மேல்நோக்கிய சிறு குழிவிரியனே இலங்கையில் மிகுதியான பாம்புக்கடிக்குக் காரணம். அது தலை தூக்கி ஆடுவதில்லை. உதிர்ந்த இலைகளுக்குள் அசையாமல் சுருண்டு கிடக்கிறது.